கப்பலுக்கு முந்தைய இரவு: 'நாடோடி' என்ற சொல்லை முன்வைத்து

நம் சிற்றிதழ்ச் சூழலில் அளவுக்கு மீறிப் புழங்கித் தேய்ந்துபோன சொற்களைப் பட்டியலிட்டால் 'நாடோடி' முதல் வரிசையிலேயே வந்து நிற்கும். கவிதைத் தொகுப்புகளின் பின்னட்டைக் குறிப்புகளில், நேர்காணல்களில், முன்னுரைகளில் எங்கும் நாடோடி மனம், நாடோடி வாழ்வு, நாடோடித் தடம். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். ரயில் முன்பதிவு உறுதியாகும் வரை பெட்டியில் துணி அடுக்காதவர்கள். நானும் அந்த இனம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால், அரசும் காவல்துறையும் சில மக்கள் கூட்டங்களின் மீது தலைமுறை தலைமுறையாக வீசிவந்த ஒரு வசைச்சொல்லை எடுத்து, அதன் வலியை உதறிவிட்டு, பூவைப் போலச் சூடிக்கொள்வது வேறு விஷயம். அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

அண்மைக் காலத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு வாகனமும் கிடைத்திருக்கிறது: கேரவன். நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிரூட்டிய வண்டி என்றே பொருள். நான் சொல்வது அதுவன்று. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்கிறார்களே, அந்தச் சக்கர வீடு. உள்ளே படுக்கை, எரிவாயு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிறிய கழிப்பறை எல்லாம் உண்டு. புலம்பெயர்ந்த நண்பர்களும், பிள்ளைகளைப் பார்க்கப் போய்த் திரும்பும் பெற்றோரும் எழுதும் பயணக் கட்டுரைகளில் இந்த வண்டி இப்போது அடிக்கடி தென்படுகிறது.

அந்தக் கட்டுரைகளுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. டோவர் துறைமுகத்தின் வெண்சுண்ணாம்புப் பாறைகள், விடியல், வாய் திறந்து நிற்கும் கப்பலுக்குள் வரிசையாக நுழையும் வண்டிகள், கடற்பறவைகள், ஒன்றரை மணி நேரத்தில் மறுகரையில் பிரான்ஸ், பிறகு எல்லைகளற்ற மானுடத்தைப் பற்றி ஒரு பத்தி. காலைக் கப்பல் தவறாமல் இருக்கும். அதற்கு முந்தைய இரவு இருக்காது. காரும் கேரவனுமாகப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள அந்த ஊர்தி இரவில் எங்கே நின்றது? யார் நிற்கவிட்டார்கள்? யாரை நிற்கவிடவில்லை? இந்தக் கேள்விகளைத் தொடாமல் 'நாடோடி' என்ற சொல்லை எழுதுவது நேர்மையன்று என்பதே என் வாதம்.

இரவில் எங்கே தங்குவது என்பது பயண வழிகாட்டிகளுக்குரிய அற்ப விஷயம், இலக்கியத்துக்கு உரியதன்று என்று யாரேனும் சொன்னால், அவர் பத்துப்பாட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும். பத்தில் ஐந்து ஆற்றுப்படை. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது அதன் அமைப்பு. வழி சொல்வது என்றால் திசை காட்டுவது மட்டுமன்று. எங்கே தங்கலாம், யார் சோறிடுவார்கள், எந்த இடத்தில் இரவில் நடக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் அடக்கம். 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம் நன்னனின் புகழைப் பாடுவதோடு நின்றுவிடவில்லை. இருட்டிவிட்டால் குகையில் தங்கிக்கொள் என்பது வரை கூத்தர்களுக்குச் சொல்லித் தருகிறது.

பெரும்பாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே போகிறது. இளந்திரையனின் ஆட்சியைப் புகழ வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், அவன் நாட்டு வழிகளில் கொள்ளையர் இல்லை, விலங்கும் பாம்பும்கூடத் துன்பம் செய்வதில்லை, ஆகவே களைத்த இடத்தில் இளைப்பாறி, விரும்பிய இடத்தில் தங்கிச் செல்லலாம் என்று பாணனுக்கு உறுதி சொல்கிறார். ஓர் ஆட்சியை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அளவுகோலைக் கவனியுங்கள். வழிப்போக்கன் எங்கே தங்கலாம் என்பதே அளவுகோல். இது மிகைப்புகழ்ச்சி என்பதை நான் மறுக்கவில்லை. அதே பாட்டில் சுங்கம் வாங்கும் பெருவழியும் வில்லேந்திய காவலும் வருகின்றன. ஆனால் எதை மிகைப்படுத்திப் புகழ்வது என்று ஒரு சமூகம் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு செய்தி இருக்கத்தானே செய்கிறது.

அந்த உறுதிமொழியை அடுத்துப் பாட்டில் வருவது உப்பு வணிகர்களாகிய உமணர்களின் வண்டி வரிசை. கூரை வேய்ந்த வண்டி, அதில் கோழி அடையும் கூடு, ஊறுகாய்ப் பானை, கைக்குழந்தையோடு மாட்டை ஓட்டும் பெண், அச்சு முறிந்தால் மாற்ற வேறோர் அச்சு, பக்கத்தில் நடந்துவரும் ஆண்கள். குடும்பத்தையும் சமையலையும் தொழிலையும் சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு போகும் அந்த ஊர்திக்குக் கேரவன் என்பதைவிடப் பொருத்தமான பெயரை என்னால் யோசிக்க முடியவில்லை.

இந்த உரைகல்லோடு டோவருக்குப் போவோம்.

காலைக் கப்பலைப் பிடிக்க வேண்டியவர் குறித்த நேரத்துக்கு வெகு முன்னதாகவே துறைமுகத்துக்குள் இருக்க வேண்டும். கேரவனை இழுத்துக்கொண்டு வேகமாக ஓட்ட முடியாது. ஆகவே தொலைவிலிருந்து வருகிறவர் முதல் நாளே கென்ட் மாவட்டத்துக்கு வந்துவிடுவது வழக்கம். தங்க என்ன வழி? நெடுஞ்சாலை ஓய்விடங்களில் முதல் இரண்டு மணி நேரம் இலவசம், பிறகு கட்டணம். இரவெல்லாம் லாரிகளின் குளிர்பதன இயந்திர ஓசை. சாலையோர நிறுத்தத்தில் படுத்துறங்கச் சட்டப்படி உரிமை ஏதும் கிடையாது. கண்டும் காணாமல் விடுவார்கள், விடாமலும் இருப்பார்கள். ஃபோக்ஸ்டனைச் சுற்றியும் டோவரை ஒட்டிய சிற்றூர்களிலும் கேரவன் முகாம்கள் இருக்கின்றன. அங்கே முன்பதிவு வேண்டும். நேரங்கழித்து வருகிறவர்களுக்கென்று வாயிலருகே தனி இடம் ஒதுக்கியிருக்கும் முகாம்களும் உண்டு. இவற்றையெல்லாம்விட அனுபவசாலிகள் விரும்புவது ஒரு விவசாயியின் புல்வெளியை. ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்காத, தண்ணீர்க் குழாயும் கழிவைக் கொட்ட ஒரு குழியும் மட்டுமே கொண்ட வயலோரம். கட்டணமும் குறைவு, அமைதியும் உண்டு.

அந்த ஐந்து என்ற எண் எங்கிருந்து வந்தது? நம் பயணக் கட்டுரையாளர்கள் ஒருமுறையாவது இதைக் கேட்டிருக்க வேண்டும்.

1960ஆம் ஆண்டின் கேரவன் தளங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உரிமம் இல்லாமல் எந்த நிலத்தையும் கேரவன் நிறுத்தும் தளமாகப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். பிறகு வருகின்றன விலக்குகள். கேரவனோடு பயணம் செய்யும் ஒருவர், நில உரிமையாளர் இடங்கொடுத்தால், இரண்டு இரவுகளுக்கு மிகாமல் தங்கலாம். அதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அந்த நிலத்தில் அப்போது வேறெந்தக் கேரவனும் இருக்கக் கூடாது. ஆண்டில் 28 நாளுக்கு மேல் அந்த நிலம் இவ்வாறு பயன்பட்டிருக்கவும் கூடாது. அடுத்த விலக்கு, அங்கீகாரம் பெற்ற பொழுதுபோக்குச் சங்கங்களுக்கு. அவை தாமே சான்றளித்து, ஐந்து வண்டிகளுக்கு மிகாத சிறு தளங்களைத் தம் உறுப்பினர்களுக்காக நடத்தலாம். விவசாயியின் புல்வெளி இப்படித்தான் பிறந்தது. 1907இல் தொடங்கப்பட்ட கேரவன் கிளப் (2017இல் பெயரில் மோட்டார் இல்லத்தையும் சேர்த்துக்கொண்டது) சான்றளித்த இத்தகைய வயலோரங்கள் நாடு முழுவதும் இருக்கின்றன.

அதே சட்டத்தின் 23ஆம் பிரிவை யாரும் சுற்றுலாக் கையேட்டில் அச்சிடுவதில்லை. ஊர்ப் பொதுநிலங்களில் கேரவன் நிறுத்துவதைத் தடைசெய்யும் அதிகாரத்தை அது உள்ளாட்சி மன்றங்களுக்கு வழங்கியது. பொதுநிலங்களில் காலங்காலமாகத் தங்கிவந்தவர்கள் யார்? ரோமானி ஜிப்சிகளும், அயர்லாந்திலிருந்து வரும் டிராவலர் எனப்படும் வழிநடை மக்களும். பழம் பறிக்கவும், கென்ட் பகுதியில் பீருக்குக் கசப்பூட்டும் ஹாப் காய்களைப் பறிக்கவும், குதிரைச் சந்தைக்குப் போகவும் அவர்களுக்கு வழியில் தங்குமிடங்கள் தேவைப்பட்டன. 1960க்குப் பிறகு அவை ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன.

இரண்டு விதிகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். தனியாக வரும் ஒரு வண்டியைச் சட்டம் விருந்தாளியாகப் பார்க்கிறது. அத்தையும் மாமனும் கொழுந்தனுமாக நான்கு வண்டிகளில் உறவோடு வருகிறவர்களை அது தளமாகப் பார்க்கிறது. தளத்துக்கு உரிமம் எங்கே என்று கேட்கிறது. சங்கத்தில் சந்தா கட்டியவர்கள் ஐந்து பேர், ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள், ஒரே புல்வெளியில் நிற்கலாம். ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள் இருவர் இரண்டு வண்டிகளோடு பக்கத்து வயலில் நின்றால் இந்த விலக்கு அவர்களுக்குக் கைகொடுக்காது. தனிமையை விரும்புகிறவனுக்காக எழுதப்பட்ட சட்டம் இது. கூட்டமாக வாழ்கிறவனை நினைத்து எழுதப்பட்டதன்று. உமணர்கள் அந்தப் பக்கம் வந்திருந்தால் முதல் நாளே மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

பொழுதுபோக்குக் கேரவனின் பிறப்பிலேயே இந்த இரட்டை நிலை இருக்கிறது. கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்று, சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதிவந்த வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1885இல் பிரிஸ்டல் நகரில் 'வாண்டரர்' என்ற வண்டியைச் செய்வித்துக்கொண்டு, இரண்டு குதிரைகள் இழுக்க இங்கிலாந்திலிருந்து இன்வர்னெஸ் வரை போனார். வண்டியோட்டி ஒருவர், எதிரில் வருவோரை எச்சரிக்க மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே செல்லும் பணியாள் ஒருவர். தன்னைக் கனவான் ஜிப்சி என்று அழைத்துக்கொண்ட இவரே பொழுதுபோக்குக் கேரவனின் தந்தை என்று கொண்டாடப்படுகிறார். அதே 1880களில் ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தவாதி, உண்மையான ஜிப்சிகளின் வண்டிகளையெல்லாம் பதிவுசெய்து, அதிகாரிகள் உள்ளே நுழைந்து சோதனையிட வழிசெய்யும் மசோதாவை நாடாளுமன்றத்துக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்துகொண்டிருந்தார். அவை நிறைவேறவில்லை என்பது வேறு. ஆனால் ஒரே பத்தாண்டில், ஒரே நாட்டில், ஒரே வகை வண்டி ஒருவருக்குக் கவித்துவமாகவும் இன்னொருவருக்குக் கண்காணிப்புக்குரிய பொருளாகவும் ஆனதை நாம் மறந்துவிடக் கூடாது. நம் பின்னட்டை நாடோடிகள் ஸ்டேபிள்ஸின் வாரிசுகள். மூன்று சக்கர வண்டிப் பணியாள்தான் குறைகிறார்.

ஸ்டேபிள்ஸுக்கு முன்னும் பின்னும் கதை நீளமானது. 1554இல் இயற்றப்பட்ட சட்டம், குறித்த காலத்துக்கு மேல் இங்கிலாந்தில் தங்கிய 'எகிப்தியர்'களுக்கு, அதாவது ஜிப்சிகளுக்கு, மரண தண்டனை விதித்தது. நெடுங்காலத்துக்குப் பிறகே அது நீக்கப்பட்டது. வெகுகாலம் கழித்து 1968இல் ஒரு நல்ல சட்டம் வந்தது. ஜிப்சிகளுக்குத் தங்குமிடம் அமைத்துத் தருவது மாவட்ட மன்றங்களின் கடமை என்றது. அதன்படி பல தளங்களும் எழுந்தன. 1994இல் அந்தக் கடமை நீக்கப்பட்டது. அதே 1994 சட்டம், அத்துமீறி நிற்போர் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகளோடு இருந்தால் அவர்களை வெளியேற்றும் அதிகாரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்தது. 2022இல் வந்த சட்டத்துக்கு ஒரு வண்டியே போதும். அனுமதியின்றி நிலத்தில் வண்டியோடு தங்கி, கணிசமான சேதமோ இடையூறோ மனவுளைச்சலோ ஏற்படுத்தி, அல்லது ஏற்படுத்தக் கூடும் என்று கருதப்பட்டு, போகச் சொல்லியும் போகாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அபராதம், வண்டி பறிமுதல். ஏற்படுத்தக் கூடும் என்ற சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இங்கே பறிமுதலாவது வண்டி மட்டுமன்று. வீடு.

ஊர்ப்புறத்தை ரசிக்கப் போகிறவர்கள் இந்தச் சட்டத்துக்கு அஞ்ச வேண்டாம் என்று அரசு அப்போது விளக்கமும் தந்தது. யாருக்காக எழுதப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டுமா? வெளியேற்றப்பட்டவர்கள் அதே இடத்துக்குத் திரும்பக் கூடாது என்ற தடை மூன்று மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக நீட்டப்பட்டதை 2024 மே மாதம் லண்டன் உயர் நீதிமன்றம் மனித உரிமைகளுக்கு முரணானது என்று அறிவித்தது. அறிவித்ததே தவிர, அத்தகைய அறிவிப்பால் அங்கே சட்டம் தானாக ரத்தாகிவிடாது. நாடாளுமன்றம் திருத்த வேண்டும்.

சரி, கப்பலேறிக் கலேயில் இறங்கினால்? பிரான்ஸில் மோட்டார் இல்லங்களுக்கென்று ஊர்தோறும் நிறுத்துமிடங்கள் இருக்கின்றன; நம்மவர்கள் அவற்றைப் பெரிதும் புகழ்வார்கள், புகழத்தக்கவைதான். (காரால் இழுக்கும் கேரவனுக்குப் பெரும்பாலான இடங்களில் அங்கே அனுமதியில்லை என்பது இழுத்துப்போய்ப் பார்த்த பிறகே பலருக்குத் தெரிகிறது.) அதே பிரான்ஸ் 1912இல் நாடோடிகளுக்கு ஓர் அடையாளக் கையேட்டைக் கட்டாயமாக்கியது. உயரம், கை நீளம், விரல் ரேகை, புகைப்படம் எல்லாம் அதில் உண்டு. ஊருக்குள் வரும்போதும் போகும்போதும் அதிகாரியிடம் முத்திரை பெற வேண்டும். 1969இல் அது வேறு பெயர் எடுத்தது. வழிநடை மக்களுக்கான தனிக் கையேட்டு முறை முற்றிலும் ஒழிந்தது 2017இல். ஐயாயிரம் பேருக்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஊர்கள் அவர்களுக்குத் தங்குமிடம் அமைக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் கடமையை நிறைவேற்றாத ஊர்கள் உண்டு.

கலேயில் இன்னொரு கூட்டமும் காலைக் கப்பலுக்காகக் காத்திருந்தது. சூடானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் எரித்ரியாவிலிருந்தும் வந்தவர்கள். 2003இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி பிரிட்டனின் எல்லைச் சோதனை பிரான்ஸ் மண்ணிலேயே நடக்கிறது. ஆகவே அவர்களின் முந்தைய இரவு ஒன்றல்ல, நூற்றுக்கணக்கு. 2015லும் 2016லும் துறைமுகத்துக்கு அருகே பல ஆயிரம் பேர் கூடாரங்களில் கிடந்தார்கள். பிரிட்டனிலிருந்து தன்னார்வலர்கள் பழைய கேரவன்களைக் கொண்டுவந்து குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். விடுமுறைக்காகச் செய்யப்பட்ட வண்டிகள். அதே கடலைக் கடந்து வந்தவை. இப்போது அசையாமல் சேற்றில் நின்றன. 2016 அக்டோபரில் அந்த முகாம் முழுவதும் அகற்றப்பட்டது. ஈழத்திலிருந்து கிளம்பி ஐரோப்பாவின் எல்லைகளை இரவுகளில் கடந்தவர்களின் எழுத்துகளை வாசித்தவர்கள் நாம். நமக்குமா டோவர் என்றால் வெண்பாறை மட்டும் நினைவுக்கு வருகிறது?

இத்தனையும் அயலார் கதை, நமக்கென்ன என்ற குரல் எழும் என்பதை அறிவேன். 1871இல் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டவர்களும் இதே ஆட்சியாளர்கள்தாம். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்றுவந்த குறவர் குழுக்கள் அதில் சிக்கிக்கொண்டன. அரசின் உப்பு ஏகபோகமும் ரயிலும் முதலில் அவர்கள் தொழிலைப் பறித்தன. பிறகு, தொழிலில்லாமல் அலைகிறவர்கள் என்று சட்டம் அவர்களைக் குற்றவாளிகளாக்கியது. இரவில் இருக்குமிடத்தை விட்டு நகராமல் காவலரிடம் கைநாட்டு வைக்க வேண்டிய நிலை வந்தது. சென்னை மாகாணத்தில் 1947லும் நாடு முழுவதும் 1952லும் சட்டம் ஒழிந்தது. சொல்லின் மீது படிந்த கறை ஒழிந்ததா? உமணரைப் பெரும்பாணாற்றுப்படையில் படித்து மகிழ்ந்துவிட்டு, பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கிறவரின் கூடாரத்தைக் காலி செய்யச் சொல்லி மனுப் போடுகிற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. வரட்டும், நல்லதே. அந்த வண்டிகளுக்கு ஒதுக்கப்படும் நிழலில் பாசிமணிக்காரரின் குடும்பமும் ஓரிரவு தங்கலாமா என்பதே என் கேள்வி.

குப்பை போடுகிறார்கள், புல்வெளியை நாசமாக்குகிறார்கள் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதைத் தள்ளிவிட முடியாது. சில இடங்களில் அது உண்மையே. ஆனால் கிளப்பின் புல்வெளியில் குப்பை சேராததற்குக் காரணம் உறுப்பினர்களின் குலப்பெருமையன்று; அங்கே குப்பைத்தொட்டியும் கழிவுக்குழியும் இருக்கின்றன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். வழிநடை மக்களோடு மாநகர மன்றம் பேசி, இத்தனை நாள், இந்த இடம் என்று உடன்பட்டு, குப்பைக்கும் கழிப்பறைக்கும் ஏற்பாடு செய்துதருகிறது. விரட்டுவதற்கு ஆகும் செலவைவிட இதற்குக் குறைவாகவே ஆகிறது என்பது அந்த நகரம் கண்ட கணக்கு.

டோவர் வழியாக அடுத்த கோடையில் போகவிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெண்பாறையைப் பற்றி எழுதுங்கள், தடையில்லை. கூடவே முந்தைய இரவையும் எழுதுங்கள். எந்த வயலோரம், எவ்வளவு கட்டணம், உறுப்பினர் அட்டையை யார் கேட்டார்கள், எத்தனை வண்டிகள் நின்றன என்று எழுதுங்கள். வரும் வழியில் சாலையோரப் புல்வெளிகளின் விளிம்பில் பெரிய பாறாங்கற்களும் மண்மேடுகளும் வரிசையாகக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். அவை எதற்காக, யார் உள்ளே வந்துவிடாதிருக்கப் போடப்பட்டவை என்று அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்ன பதிலையும் எழுதுங்கள்.